மீளாக் காசு: சூதின் வரைவிலக்கணம் பற்றியொரு மறுநோக்கு

1

சூதாட்டத்தை வரையறுக்க முனையும் சட்டங்கள் பொதுவாக மூன்று கூறுகளைத் தேடுகின்றன. ஆடுபவன் ஒரு பொருளைப் பணயமாக வைத்தல் வேண்டும். ஆட்டத்தின் முடிவு தற்செயலைச் சார்ந்திருத்தல் வேண்டும். வென்றவனுக்கு மதிப்புள்ள பொருளொன்று பரிசாகக் கிடைத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் அது வெறும் விளையாட்டே என்பது நெடுங்காலமாக நிலவிவருங் கொள்கை. தாயக்கட்டைக்கும் சீட்டுக்கும் சேவற்போருக்கும் இக்கொள்கை பொருந்திற்று. கைத்தொலைபேசிக்குள்ளே கசினோ வந்து புகுந்ததன் பின்னர் அது தடுமாறத் தொடங்கியுள்ளது.

'சமூகக் கசினோ' என வழங்கும் விளையாட்டுகள் விலையின்றியே தரவிறக்கம் செய்யக் கிடைப்பவை. முதன்முறை திறப்பவனுக்கு ஆயிரக்கணக்கிலே மெய்நிகர் நாணயங்கள் இனாமாக வழங்கப்படும். அவற்றைக் கொண்டு அவன் 'ஸ்லொட்' இயந்திரத்தைச் சுழற்றலாம். போக்கர், ரூலெட் ஆகியவற்றை ஆடலாம். நாணயம் தீர்ந்ததும் இரு வழிகளே உள. சில மணிநேரங் காத்திருந்து அடுத்த இனாமைப் பெறுதல் ஒன்று. மெய்ப்பணங் கொடுத்து மேலும் நாணயங்களை வாங்குதல் மற்றொன்று. இவ்வாறு வாங்கிய நாணயத்தை நிறுவனத்திடம் கொடுத்து மீண்டும் பணமாகப் பெறுதல் இயலாது. கோடி நாணயம் வென்றவனும் அக்கோடியைக் கொண்டு மேலும் ஆடலாமேயன்றி ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிப் பருக முடியாது. நாணயத்துக்குப் பணமதிப்பு இல்லை, அது விளையாடுவதற்கான அனுமதி மாத்திரமே, நிறுவனம் விரும்பியபோது அதனை மாற்றவோ நீக்கவோ செய்யலாம் என்பன இவ்விளையாட்டுகளின் உபயோக நிபந்தனைகளிலே வழமையாக இடம்பெறுபவை.

இந்நிபந்தனைகளே நிறுவனங்களுக்குக் கேடயமாக அமைகின்றன. நாணயம் பணமாகாது, ஆகவே பரிசென்று ஒன்றில்லை, பரிசில்லாதவிடத்துச் சூதுமில்லை என்பது அவற்றின் வாதம். தருக்க முறையிலே இவ்வாதம் குற்றமற்றதாகவே தோன்றுகிறது. ஆயின், பணமாக மீளாத காசுக்கு மதிப்பில்லையெனின், அதனைப் பெறுவதற்கு மனிதர் மெய்ப்பணத்தைக் கொடுப்பது ஏன் என்ற வினாவுக்கு இவ்வாதத்தினுள்ளே விடையில்லை. மீளாமை என்பது தீங்கின்மைக்குச் சான்றாகாது. காசை வெளியிடுபவனுக்கும் அதனைப் பெறுபவனுக்கும் இடையிலான உறவு எத்துணை ஒருதலைப்பட்சமானது என்பதையே அது காட்டும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை மலையகப் பின்னணியிலே வைத்து ஆராய்வதற்குத் தக்க காரணமுண்டு. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையிலே புகையிரதம் தரித்துச் செல்லும் வட்டகொடை, பெருந்தோட்டங்களாற் சூழப்பட்ட சிற்றூர். மலையக இலக்கிய முன்னோடியும் தொழிற்சங்கவாதியுமாகிய சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) பிறந்த மடக்கும்பரைத் தோட்டம் இவ்வூரைச் சார்ந்ததாகும். இத்தோட்டங்களின் வரலாற்றிலே அரசு அச்சடியாத காசும், கையிலே இருந்தும் செலவழிக்க முடியாத மதிப்பும் புதியனவல்ல. கடனும் முற்பணமும் துண்டும் தகரவில்லையுமாக அவை பல வடிவங்களிலே வழங்கிவந்துள்ளன. மெய்நிகர் நாணயத்தை முன்னுதாரணமற்ற புதுமையாகக் கருதித் திகைக்கும் நீதிமன்றங்களுக்குத் தோட்ட வரலாறு கூறத்தக்க செய்தி ஒன்று உளது.

2

அமெரிக்க நீதிமன்றங்கள் இரண்டு ஓராண்டு இடைவெளியிலே இவ்வினாவுக்கு இருவேறு விடைகளை அளித்தன. 'கேம் ஒஃப் வார்' என்ற விளையாட்டினுள்ளே கசினோப் பகுதி ஒன்றிருந்தது. மெய்ப்பணத்தாற் பொன்னையும், அப்பொன்னாற் சுழற்சிக்குரிய வில்லைகளையும் வாங்கி அங்கே ஆடலாம். இது தொடர்பாக மேரிலாந்து மாநிலச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கிலே, நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 மார்ச்சில் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆடுபவர் வென்றது மெய்நிகர்ப் பொருளேயன்றிப் பணமன்று என்றும், கணக்குகளை வெளிச்சந்தையிலே பிறருக்கு விற்க முடிந்தமை அதனைப் பணமாக்கிவிடாது என்றும் அது கொண்டது.

'பிக் பிஷ் கசினோ' பற்றிய வழக்கு வாஷிங்டன் மாநிலச் சட்டத்தின்கீழ் எழுந்தது. ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018 மார்ச் 28ஆந் திகதி அளித்த தீர்ப்பு இதற்கு மாறானது. அம்மாநிலச் சட்டத்திலே 'மதிப்புள்ள பொருள்' என்பதன் வரைவிலக்கணம் விரிவானது; கட்டணமின்றி ஆட்டத்தைத் தொடருஞ் சலுகையும் அதனுள் அடங்கும். மெய்நிகர் வில்லையின்றி ஆட்டத்தைத் தொடர இயலாது. வில்லையை வென்றவன் மேலும் பணங் கொடாது தொடர்கிறான். ஆகவே வில்லை மதிப்புள்ள பொருளே என்பது நீதிமன்றத்தின் முடிபாகும். இதனைத் தொடர்ந்து 2020ஆம் ஆண்டிலே, சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் 155 மில்லியன் டொலரைச் செலுத்துவதற்கு இணங்கி வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

இவ்விரு தீர்ப்புகளும் இருவேறு மாநிலச் சட்டங்களின் சொற்களைப் பற்றியனவாதலின் அவற்றை முரண்பட்டவையெனக் கொள்ளுதல் முழுவதும் பொருந்தாது. எனினும் அவற்றின் அடியிலே இருவேறு நோக்குகள் உள்ளமை மனங்கொள்ளத்தக்கது. ஆட்டம் முடிந்தபின் ஆடுபவன் கையிலே என்ன இருக்கிறது என்று முதலாவது நோக்கு வினவுகிறது. ஆட்டம் நடைபெறும்போது அவனுக்கு எது இன்றியமையாததாகிறது என்று இரண்டாவது வினவுகிறது. முதலாவது வினாவுக்குரிய விடை சந்தையிலே கிடைக்கும். இரண்டாவதற்குரிய விடையை ஆடுபவனின் நிலையிலே நின்றுதான் பெறவேண்டும்.

பிறநாட்டு அரசுகளும் இதே தடுமாற்றத்துக்கு உள்ளாகியுள்ளன. பிரித்தானியச் சூதாட்டச் சட்டம் பரிசைப் பணம் அல்லது பணமதிப்பு என்ற அளவுகோலாலே அளக்கிறது. விளையாட்டினுள்ளே விற்கப்படும் 'லூட் பொக்ஸ்' எனும் அதிட்டப் பெட்டிகளை அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவருவதற்காக அதனைத் திருத்தப்போவதில்லையென அந்நாட்டரசு 2022 ஜூலையிலே அறிவித்தது. அவுஸ்திரேலியா வேறு வழியை நாடிற்று. பணம் மீளுமா என்ற வினாவை ஒதுக்கிவிட்டு, சூதாட்டத்தைப் போலச்செய்யும் விளையாட்டுகளை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மாத்திரம் உரியனவாக 2024 செப்டெம்பர் முதல் வகைப்படுத்தியது. போலச்செய்தலே ஒருவகைப் பயிற்சியாகும் என்ற உணர்வு இம்முடிவிலே தொனிக்கிறது எனலாம்.

3

இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டம் நடந்துவந்த பாதை வேறானது. 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் இடத்தை மையமாகக் கொண்டது. தெரு, பாதை, பொதுமக்கள் செல்லத்தக்க பிற இடம், மதுச்சாலை, பொதுச் சூதாட்ட இடம் என்பனவற்றிலே பணயம் வைத்து ஆடுதலை அது சட்டவிரோதமாக்கிற்று. சூது ஓர் இடத்திலே நிகழ்வது, ஆகவே பொலிசார் அவ்விடத்துட் புகுந்து பிடிக்கத்தக்கது என்பதே அச்சட்டத்தை ஆக்கியோரின் மனச்சித்திரம். தெருவோரத்திலே சீட்டாடிய ஏழையை அது எளிதிற் பற்றியது. கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்துவதற்கான தனிச்சட்டம் 2010ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது என்பதை இதனோடு ஒப்புநோக்கின், சட்டத்தின் பார்வை எத்திசையிலே கூர்மையாயிருந்தது என்பது புலனாகும். 2025ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் இவற்றை நீக்கி, நிகழ்நிலைச் சூதாட்டத்தையும் உள்ளடக்கிய ஓர் அதிகாரசபையை ஏற்படுத்துகிறது. இடத்தை நோக்கிய சட்டம் செயலை நோக்கித் திரும்பியமை வரவேற்கத்தக்கதே.

தமிழகத்திலே இப்பிரச்சினை உயிரிழப்புகளோடு சேர்ந்தே பொதுவிவாதத்துக்கு வந்தது. நிகழ்நிலை ரம்மியாற் கடனுற்றுத் தற்கொலை செய்துகொண்டோர் பற்றிய செய்திகள் பெருகிய நிலையிலே, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இலே அறிக்கை சமர்ப்பித்தது. அதனையொட்டி எழுந்த சட்டமூலம் ஆளுநராலே திருப்பியனுப்பப்பட்டு, 2023 மார்ச்சிலே மீண்டும் நிறைவேறி, ஏப்ரலிலே ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரிலே சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் விளையாட்டுகளாகக் கொண்ட அட்டவணையைச் செல்லாததாக்கிற்று. திறனா, தற்செயலா என்ற வினாவிலேயே இந்திய நீதிமன்றங்களின் பெருமுயற்சி கழிந்தது. ரம்மியிலே திறன் மேலோங்குகிறது என்று உச்சநீதிமன்றம் 1968இலே கூறியதன் நிழல் அரைநூற்றாண்டுக்கு மேலாக நீண்டு விழுந்துள்ளது.

இந்திய மத்திய அரசு 2025 ஓகஸ்டிலே நிறைவேற்றிய நிகழ்நிலை விளையாட்டுச் சட்டம் இவ்வினாவையே துறந்துவிட்டது. ஆட்டம் திறனைச் சார்ந்ததாயினும் தற்செயலைச் சார்ந்ததாயினும், பணமோ பிற பணயமோ வைத்து ஆதாயம் எதிர்நோக்கி ஆடப்படும் விளையாட்டை வழங்குவது தடைசெய்யப்படுகிறது. பிற பணயம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. பணத்துக்கு ஈடாகக் கருதப்படுவதோ பணமாக மாற்றத்தக்கதோவாகிய எதுவும், எப்பெயரால் வழங்கினும், மெய்யாயினும் மெய்நிகராயினும், பணங் கொடுத்து நேராகவோ மறைமுகமாகவோ வாங்கப்பட்ட நாணயமும் வில்லையும் உட்பட, பணயமாகும். அச்சட்டத்தை எதிர்த்து உயர்நீதிமன்றங்களிலே தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டெம்பரிலே உச்சநீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இவ்விளக்கம் மெய்நிகர் நாணயத்தின் பெயரைக் கண்டு ஏமாறவில்லை; அதனை வாங்கக் கொடுத்த பணத்தையும் உற்றுநோக்குகிறது. எனினும் வாயிலிலே கூர்மையாயிருக்கும் இப்பார்வை வெளிவாயிலிலே மழுங்குகிறது. ஆடுபவன் பணவகையிலான ஆதாயத்தை எதிர்நோக்குதல் வேண்டும் என்ற நிபந்தனை எஞ்சியிருப்பதனாலே, நாணயத்தை வாங்கி நாணயத்தையே வெல்லும் சமூகக் கசினோ இத்தடைக்குள் அடங்குமா என்பது வாதத்துக்கிடமாகவே உள்ளது. ஆதாயம் வேண்டுமென்ற இந்நிபந்தனையின் விசித்திரமான விளைவு யாதெனில், ஆடுபவனுக்கு ஏதேனும் திருப்பிக் கொடுக்கும் நிறுவனம் குற்றவாளியாகிறது. எதனையுமே திருப்பிக் கொடாத நிறுவனம் கேளிக்கை வழங்குநராகிறது.

4

பணம் உட்சென்று மீளாத ஏற்பாடொன்றை எவ்வாறு மதிப்பிடுவது என்ற இவ்விடத்திலேதான் தோட்ட வரலாறு துணைபுரிகிறது. சூதாட்டக் கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1889ஆம் ஆண்டிலே, அதே சட்டநிரூபண சபை, தோட்டங்களிலுள்ள இந்தியத் தொழிலாளரின் சேவையையும் ஊதியத்தையும் பற்றிய 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தையும் ஆக்கியது. தெருவிலே வைக்கப்பட்ட சிறுபணயத்தை ஒரு சட்டம் தண்டித்துக்கொண்டிருக்க, மற்றைய சட்டத்தின் எல்லைக்குள்ளே கடனின் பேரில் மனித உழைப்பு கைமாறிக்கொண்டிருந்தது.

காப்பி யுகத்திலே கொழும்புக் காப்பி ஆலைகளும் தோட்டங்கள் சிலவும் தமது பெயர் பொறித்த உலோக வில்லைகளை வெளியிட்டன. செய்த வேலைக்குரிய கணக்காகத் தொழிலாளிக்கு அளிக்கப்பட்ட அவ்வில்லைக்கு, அதனை வெளியிட்டவர் ஏற்குமிடத்து மாத்திரமே மதிப்பிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரவில்லையைக் காட்டித் தமிழகத்திலிருந்து புறப்பட்டவன் வழியிலே பணங் கொடாது பயணஞ் செய்யலாம். வழிச்செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்பட்டு, பின்னர் கங்காணியின் கணக்கினூடாகத் தொழிலாளியின் கடனாக வந்து சேர்ந்தது. இனாம் போலத் தோன்றிய பயணம் கடனின் முதல் வரியாயிற்று.

இவையனைத்தினும் கொடியது துண்டு. இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன கங்காணியையும் அவனுடைய ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறொரு தோட்டத்தை நாடுவான். அத்தோட்டம் பழைய கடனை அடைத்து மேலதிக முற்பணமும் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். தோட்டம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது. கடனைப் பட்டவன் தொழிலாளி. துண்டாற் பயனடைந்தவர் பிறர். 1921ஆம் ஆண்டுச் சட்டமே இம்முறையைச் சட்டவிரோதமாக்கிற்று.

இவற்றுக்கும் மெய்நிகர் நாணயத்துக்குமிடையே வேறுபாடுகள் உள என்பதை மறுத்தற்கில்லை. தொழிலாளியின் வில்லை அவன் பெறவேண்டிய கூலியின் அடையாளம்; விளையாட்டு நாணயமோ ஆடுபவன் கொடுத்த பணத்தின் அடையாளம். தோட்டத்துக்கு வந்தவனைப் பஞ்சமும் சாதியும் நிலமின்மையும் துரத்தின. விளையாட்டைத் திறப்பவனை அவ்வாறு எவரும் துரத்துவதில்லை. துன்பத்தின் அளவிலே இவ்விரண்டையும் சமப்படுத்துதல் மலையக மக்களின் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகவே முடியும். ஒப்புமை துன்பத்திலன்று, அமைப்பிலேயே உளது.

அவ்வமைப்பின் கூறுகள் மூன்று. முதலாவது, நுழைவு முற்பணத்தாலே நிகழ்கிறது. கங்காணி கொடுத்த முற்பணம் எவ்வாறு தோட்டத்துக்குச் செல்லும் வழியைத் திறந்ததோ அவ்வாறே முதல்நாள் இனாம் நாணயம் விளையாட்டின் வாயிலைத் திறக்கிறது. இரண்டாவது, கணக்கேடு வெளியிடுபவன் கையிலேயே உளது. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவளுக்கு 'அரைப் பேர்' போடும் அதிகாரம் செக்ரோலை வைத்திருந்தோரிடமே இருந்தது. தராசும் பதிவேடும் அவர்களுடையனவாதலின், முழுநாள் உழைப்பு அரைநாளாகச் சுருங்குவதைத் தட்டிக்கேட்க அவளாலே இயலவில்லை. விளையாட்டு நாணயத்தின் விலையையும் அது தீரும் வேகத்தையும் வெற்றியின் நிகழ்தகவையும் தீர்மானிப்பது நிறுவனமே. கசினோ மண்டபத்து இயந்திரத்தைப் பரிசோதிப்பதற்குப் பல நாடுகளிலே கண்காணிப்பு அமைப்புகள் உள. பணம் மீளாது என்ற காரணத்தாலேயே சமூகக் கசினோ அப்பரிசோதனைக்குப் பெரும்பாலும் உட்படுவதில்லை. மூன்றாவது, உட்செல்லும் வழி அகலமாகவும் வெளியேறும் வழி அடைபட்டதாகவும் உளது. வில்லையை ஏற்காத கடை, துண்டின்றி ஆளை ஏற்காத தோட்டம், நாணயத்தைத் திரும்ப ஏற்காத நிறுவனம் ஆகியன ஒரே வடிவத்தின் பல தோற்றங்களாம்.

இக்கூறுகளை நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகிறது. 'இத்துண்டைச் சந்தையிலே விற்றுத் தொழிலாளி பணமாக்க முடியுமா? முடியாதெனின் இதற்கு மதிப்பில்லை. ஆகவே இதனாலே தீங்குமில்லை' என்று எவரேனும் வாதிட்டிருந்தால் அது நகைப்புக்கிடமாயிருந்திருக்கும். துண்டின் தீமை அது தொழிலாளியின் கையிலே பணமாகாமையிலேயே இருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அச்சீட்டின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டுக் கொண்டிருக்கவில்லை. அது உண்டாக்கிய பிணைப்பையே நோக்கியது. மெய்நிகர் நாணயம் பற்றிய வழக்குகளிலே அதே நோக்கு இன்னும் வேரூன்றவில்லை.

5

பிணைப்பை நோக்கும் இப்பார்வை தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளிலே சூது என்னும் 94ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையிலே வைக்கப்பட்டுள்ளது. மயக்கத்துக்கும் நோய்தீர்த்தலுக்கும் நடுவே அது நிற்பது பொருத்தமான அமைவே. அவ்வதிகாரத்தின் முதற்குறள் தோல்வியைப் பேசவில்லை, வெற்றியையே பேசுகிறது. வென்றாலும் சூதை விரும்பலாகாது என்றும், வென்ற பொருள் மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்றும் வள்ளுவர் கூறுகிறார். சட்டம் பரிசைக் கண்டபிறகே சூதைக் காண்கிறது. வள்ளுவரோ பரிசைத் தூண்டிலின் ஓர் உறுப்பாகக் கண்டு, மீனின் நிலையை நோக்குகிறார்.

இழப்பைப் பற்றியும் வள்ளுவரது கணக்கு விரிவானது. உடை, செல்வம், உணவு, புகழ், கல்வி என்னும் ஐந்தும் சூதாடுபவனை வந்தடையா என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. இவ்வைந்தனுள் செல்வம் ஒன்று மாத்திரமே பணமாக அளக்கத்தக்கது. இழக்க இழக்கப் பற்று மிகுவதை இறுதிக்குறள் எடுத்துக்காட்டுகிறது. நாணயம் தீர்ந்த கணத்திலே, தோல்வியின் சூடு ஆறுமுன்னர், திரையிலே தோன்றும் விற்பனை அறிவித்தல் இப்பற்றையே முதலாகக் கொண்டது. அவ்வதிகாரத்திலே சூதாடுமிடத்தைக் குறிக்க வந்த சொல் 'கழகம்' என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. கற்றோர் கூடும் இடத்துக்கும் கவறாடுவோர் கூடும் இடத்துக்கும் ஒரு சொல்லே வழங்கியிருக்க, இன்று கல்வியும் கசினோவும் ஒரே கைத்தொலைபேசியிலே குடியிருக்கின்றன.

சூதின் இலக்கணம் சபையிலே சட்டவினாவாக எழும் இடம் பாரதக் கதை. தருமன் தன்னை இழந்தபின்னர் தன்னைப் பணயம் வைத்தானாயின், அவ்வுரிமை அவனுக்கு எங்ஙனம் வந்தது என்று திரௌபதி கேட்கிறாள். பணயப்பொருளின் வரைவிலக்கணம் பற்றிய வினாவே அது. பாரதியின் பாஞ்சாலி சபதத்திலே வீட்டுமன் சாத்திரத்தை எடுத்துக்காட்டி விடையளிக்கிறான். அச்சாத்திரம் அநீதியானது என்பதையும் அவன் அறிந்தேயிருக்கிறான். ஆட்டவிதி மீறப்பட்டதா என்பதை மாத்திரம் ஆராயும் சபை, ஆட்டத்தினாலே ஒருத்தி உடைமையாக்கப்பட்டதை அறிந்தும் தடுக்க வலியற்றுப்போகிறது. நாணயம் பணமா என்பதை மாத்திரம் ஆராய்ந்து, அதனாலே நேர்ந்த இழப்பைக் கண்டும் கைவிரிக்கும் தீர்ப்புகளுக்கு இச்சபையின் நிலை எச்சரிக்கையாகும்.

6

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வாதங்கள் புறக்கணிக்கத்தக்கனவல்ல. சினிமாச் சீட்டு வாங்கியவனும் பணத்தைத் திரும்பப் பெறுவதில்லை. அவன் இரண்டரை மணிநேரக் களிப்பை வாங்குகிறான். அவ்வாறே நாணயம் வாங்குபவனும் களிப்பையே வாங்குகிறான் என்பர். ஒப்புமை ஓரளவுக்குச் செல்லும். ஆனால் சினிமாவின் விலை முன்கூட்டியே தெரிந்தது. அதன் முடிவும் நிச்சயமானது. கதையின் நடுவிலே திரையை அணைத்து, தொடர்ந்து பார்க்க மீண்டும் பணங் கேட்பாருமில்லை. எத்தனைமுறை கேட்பது என்பதைத் தற்செயலிடம் ஒப்படைப்பாருமில்லை. விலை முன்னரே வரையறுக்கப்பட்டதும் தற்செயலாலே பெருகாததுமான விளையாட்டுகளைச் சூதென்று பழித்தல் தவறாகும். தாயமும் பல்லாங்குழியும் ஆடிவந்த சமுதாயம் விளையாட்டின் மீது பகைமை பாராட்டவேண்டியதில்லை.

சட்டத்தை விரித்தால் அது ஆடுபவனையே தண்டிக்கும் என்ற அச்சம் மற்றொன்று. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுபவம் இவ்வச்சத்துக்கு நியாயம் வழங்குகிறது. ஆதலினாலே வேண்டப்படுவது ஆடுபவனைக் குற்றவாளியாக்கும் தடையன்று. வெளியிடுபவனைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கேயாம். மெய்ப்பணங் கொடுத்து வாங்கிய நாணயத்தைத் தற்செயலிலே தொலைக்கச்செய்யும் எவ்விளையாட்டும், அந்நாணயம் மீளினும் மீளாவிடினும், கண்காணிப்புக்கு உட்படுதல் வேண்டும். வெற்றியின் நிகழ்தகவை வெளிப்படுத்துதல், சிறுவருக்கு விற்காமை, செலவுக்கு மாதவரம்பு விதித்தல், தோற்ற கணத்திலே விற்பனை அறிவித்தலைக் காட்டாமை ஆகியன அக்கண்காணிப்பின் தொடக்கமாக அமையலாம். நாணயத்தின் மதிப்பை அளக்கும்போது, அது எவ்வளவுக்கு விற்கும் என்பதனோடு, அதற்காக எது கொடுக்கப்பட்டது, அதனை மாற்றும் அதிகாரம் எவர் கையிலுளது, எந்நிலையிலே அது விற்கப்பட்டது என்ற வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும்.

இவ்வினாக்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்தைவிட வட்டகொடையின் லயத்து வீட்டிலே கூர்மை பெறுகின்றன. 2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்புக்கென்றே பல தோட்டக் குடும்பங்கள் கைத்தொலைபேசியை வாங்க நேர்ந்தது. பாடத்தைத் தேடி மேட்டிலேறி நின்ற பிள்ளையின் கையிலிருந்த அதே கருவியிலே கசினோவும் இனாம் நாணயத்தோடு காத்திருந்தது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 செப்டெம்பரிலே 1,350 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஐந்து டொலர் விலையுள்ள நாணயப் பொதி அவ்வேளை நாணயமாற்று வீதப்படி ஏறக்குறைய 1,500 ரூபா. நியூயோர்க்கிலே சில்லறைச் செலவாகக் கருதப்படுவது மலையகத்திலே அவ்வேளை ஒருநாட் 'பேரை' விழுங்கி, மேலும் நூற்றைம்பது ரூபாவைக் கேட்டது. திரையின் மூலையிலே நாணயமாக மாறித் தோன்றும் அத்தொகை எத்தனை கிலோ கொழுந்தின் விலை என்பதை அவ்விளையாட்டு ஒருபோதும் காட்டுவதில்லை. பணத்தை நாணயமாகப் பெயர்மாற்றுவதன் பயன்களுள் இம்மறைப்பும் ஒன்று.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டியபோது, கணக்கேடுகளிலே இடம்பெறாத ஒரு வரலாற்றையும் உடன் திரட்டினார். செக்ரோலிலே அரைப் பேராகச் சுருங்கிய நாள், மக்கள் பாடலிலே முழுநாளாகவே வாழ்கிறது. வெளியிடுபவனின் ஏட்டை மாத்திரம் சான்றாகக் கொள்ளலாகாது என்ற பாடத்தை அம்முயற்சியிலிருந்து சட்டவியலார் கற்றுக்கொள்ளலாம். உபயோக நிபந்தனையிலே 'மதிப்பற்றது' என எழுதிவைத்திருப்பது நிறுவனத்தின் ஏடு. அதே நாணயத்துக்காகக் கைமாறிய கூலி மற்றொரு கணக்கிலே நிற்கிறது. புதிய அதிகாரசபையை ஏற்படுத்தியுள்ள இலங்கையிலே, அதன் ஒழுங்குவிதிகள் ஆக்கப்படும்போது அவ்விரண்டாவது கணக்கும் மேசையிலே வைக்கப்படல் வேண்டும். அதனை அங்கே கொண்டுசென்று வைப்பது, துண்டின் வரலாற்றைப் படித்த மலையகப் பட்டதாரிகளின் பொறுப்புகளுள் ஒன்றாகும்.